ஓட்டை விழாத இலை எதற்கு?

நம் இதழில் மரம் என்றால் வேம்பு, புங்கன், பூவரசு, இலுப்பை என்றுதான் எழுதுவோம். இந்த முறை நம் சமவெளியில் வளரவே வளராத ஒரு மரத்தைப் பற்றி எழுதுகிறேன். பிர்ச் என்று பெயர். குளிர்நாட்டு மரம். அதிலும் சாதாரண பிர்ச் இல்லை, கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் இலைவிடும் ஊதா இலை பிர்ச். 'இவருக்கு ஏன் இந்த வேலை' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. எத்தனையோ வாசகர்களின் பிள்ளைகள் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடு வாங்கி, வாசலில் மரம் வைக்கிறார்கள். அந்த ஒற்றை மரத்துக்குள்ளே நாம் இங்கே வருஷக்கணக்காகப் பேசிவரும் எல்லாமே இருக்கிறது. ரகம், மண், மூடாக்கு, பூச்சி, விஷம், குருவி எல்லாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இலையைப் பூச்சி தொடாது' என்று புகழ்ந்து விற்கப்படும் மரத்தை, இயற்கை வேளாண்மை பேசுகிற குடும்பத்தார் எந்த நாட்டில் இருந்தாலும் நன்கு யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

என் மகளும் மாப்பிள்ளையும் ஓஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்துப் புறநகரில் வீடு வாங்கினார்கள். நானும் வீட்டம்மாவும் ஆறு மாசம் தங்கப் போயிருந்தோம். தோட்டம் அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்திடம் மாப்பிள்ளை பேசியிருந்தார். அவர்கள் கொடுத்த வரைபடத்தில் வாசலுக்கு நேராக, தெற்குப் பார்த்த புல்தரையின் நடுவில், ஒரு ஊதா இலை பிர்ச்.

"மாமா, தெரு பூராவும் பச்சையாவே நிக்குது. நம்ம வீட்டுக்குன்னு ஒரு தனி நிறம் இருந்தா நல்லாருக்கும்ல?" என்றார் மாப்பிள்ளை.

சும்மா சொல்லக்கூடாது, மரம் அழகுதான். படத்தில் பார்த்ததை விட, பக்கத்துத் தெருவில் நேரில் பார்த்தபோது இன்னும் அழகு. வெளிறிய பட்டை தாள் தாளாக உரிகிறது. இலை நாவற்பழத்தைப் பிழிந்து பூசியதுபோல் இருக்கிறது. காற்றடித்தால் இலை முழுக்கச் சிலுசிலுவென்று ஆடும். ஐரோப்பாவின் வெள்ளிப் பிர்ச்சில் ஊதா இலை கொண்ட ஒரு ரகம் முன்பே இருந்தது. அதை ஆசியப் பிர்ச் ஒன்றோடு சேர்த்து உண்டாக்கியது 'கிரிம்சன் ஃப்ராஸ்ட்'. அதை மறுபடியும் அமெரிக்கப் பிர்ச் ஒன்றோடு கலந்து எடுத்தது 'ராயல் ஃப்ராஸ்ட்'. முப்பது, நாற்பது அடி வளரும்.

பிர்ச் குடும்பத்துக்கும் இந்தியாவுக்கும் பழைய உறவு உண்டு. இமயமலையின் உயரத்தில் வளரும் பூர்ஜ மரமும் ஒரு பிர்ச்தான். நாம் பனையோலையில் எழுதிய மாதிரி வடக்கே அதன் பட்டையில் எழுதினார்கள். 1881-இல் பெஷாவர் பக்கத்தில் கிடைத்த பக்ஷாலி கணக்குச் சுவடி பிர்ச் பட்டையில் எழுதியது. அதில் பூஜ்யத்துக்குப் புள்ளி வைத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கப் பூஜ்யங்களை எண்ணிச் சம்பளம் வாங்கியவன் என்பதால் எனக்கு அந்தப் பட்டையின் மேல் தனி மரியாதை.

அழகு இருக்கட்டும். மரத்தின் குணம் என்ன என்று பார்ப்போம்.

பிர்ச்சின் வேர் மேலாகப் படர்வது. காட்டில் அது உதிர்ந்த இலைகளின் மெத்தைக்குக் கீழே, ஈரமான குளுமையான மண்ணில் வாழ்கிறது. தலைக்கு வெயில், காலுக்கு நிழல் என்பதுதான் அதற்குத் தேவை. வீட்டு முற்றத்தில் நாம் கொடுப்பது என்ன? மொட்டையாக வெட்டிய புல்தரை. விழுந்த இலையைக்கூட விடாமல் ஊதித் தள்ளும் இயந்திரம். வெயிலில் காயும் மண். தண்ணீருக்குப் புல்லோடு போட்டி. ஊதா ரகத்துக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. முழு வெயிலில் நின்றால்தான் அந்த நிறம் ஏறும். நிழல் விழுந்தால் பச்சை கலந்து மங்கிப் போகும். ஆக, நிறத்துக்காக மரத்தைக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்துகிறார்கள், அந்த வெயிலிலேயே அதன் வேர் வாடுகிறது. தெற்குப் பார்த்த புல்தரையின் நடுவில் ஏன் வைக்கச் சொன்னார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

வாடிய பிர்ச்சைத் தேடி ஒரு வண்டு வரும். வெண்கல நிறத்தில், அரை அங்குலம்கூட இல்லாத ஒரு துளைப்பான். வட அமெரிக்காவின் சொந்த வண்டு அது. வசந்த காலம் முடியும் நேரத்தில் பட்டை இடுக்கில் முட்டையிடும். புழு பட்டைக்கு உள்ளே போய், சத்து ஓடும் திசுவை வளைந்து வளைந்து தின்னும். நம் தென்னைக்காரர்களும் மாங்காய்க்காரர்களும் துளைப்பானின் வேலையை அறிவார்கள், விளக்க வேண்டியதில்லை. உச்சிக் கிளை முதலில் காயும். அப்புறம் கீழே கீழே இறங்கும். பட்டையில் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் துளை தெரிந்தால், உள்ளே இருந்த வண்டு வெளியே போய்விட்டது என்று பொருள்.

இந்த வண்டோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழகிய அமெரிக்கப் பிர்ச்சுகள் திடமாக இருந்தால் புழுவைச் சுற்றிப் புதுத் திசு வளர்த்து அடைத்துவிடும். ஐரோப்பா, ஆசியாவிலிருந்து வந்த பிர்ச்சுகளுக்கு அந்தப் பாடம் தெரியாது. ஓஹாயோவிலேயே இருபது ஆண்டுகள் பலவகைப் பிர்ச்சுகளை வரிசையாக நட்டு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2011-இல் வெளியானது. வெளியிலிருந்து வந்த பிர்ச்சுகள் பாதிக் காலம்கூடத் தாண்டாமல் வண்டுக்குப் பலியாயின. அந்த மண்ணின் பிர்ச்சுகள் பெரும்பாலும் நின்றன.

இதே கதை தலைகீழாகவும் அங்கே நடந்திருக்கிறது. ஆசியாவிலிருந்து சரக்குகளோடு வந்த மரகதப் பச்சை வண்டு ஒன்றை 2002-இல் டெட்ராய்ட் பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். பிர்ச் வண்டுக்கு அது பங்காளி முறை, ஒரே பேரினம். ஆசியாவின் ஆஷ் மரங்கள் அந்த வண்டோடு காலம்காலமாக வாழ்கின்றன. அமெரிக்க ஆஷ் மரங்களோ கோடிக்கணக்கில் செத்துவிட்டன. மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் இருந்த காலி இடங்கள்கூட ஆஷ் மரங்களை வெட்டிய இடங்கள்தான் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். நாட்டு ரகம் என்று நாம் பேசுவதைச் சிலர் வெறும் ஊர்ப்பாசம் என்று நினைக்கிறார்கள். ஊர்ப்பாசத்தால் சொல்வதில்லை. எந்த எதிரியோடு எவ்வளவு காலம் பழகியது என்கிற கணக்கை வைத்துச் சொல்வது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த நிறுவனம் கொடுத்த ஒப்பந்தம் ஆறு பக்கம். மாப்பிள்ளை முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்திருந்தார். நான் வங்கியில் சிறிய எழுத்தைப் படித்தே காலம் தள்ளியவன், நடுவில் இருந்த நான்கையும் படித்தேன். 'மர ஆரோக்கியப் பராமரிப்பு' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி: ஒவ்வொரு வசந்தத்திலும் வேர்ப்பகுதியில் பூச்சிமருந்து ஊற்றுவது. மருந்தின் பெயர் இமிடாகுளோப்ரிட். நம் பருத்திக்காரருக்கும் நெல்லுக்காரருக்கும் தெரியாத பெயரா அது?

மரம் இன்னும் வரவே இல்லை. நோயும் இல்லை, வண்டும் இல்லை. அதற்குள் வருஷா வருஷம் விஷம் ஊற்ற ஒப்பந்தம் போட்டாயிற்று. அவர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. இந்த மரத்தை இந்த இடத்தில் வைத்தால் மருந்து இல்லாமல் நிற்காது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. வீரிய விதையும் உரமும் மருந்தும் ஒரே பொட்டலமாக நம் ஊருக்கு வந்தது ஞாபகம் வருகிறதா?

வேரில் ஊற்றினால் அந்த மருந்து மரத்தின் சாறோடு ஏறி இலை வரை போகும். மண்ணிலும் நெடுநாள் தங்கும், பக்கத்தில் வேர்விட்ட செடிகளும் அதை உறிஞ்சும். பிர்ச் காற்றில் மகரந்தம் பரப்புகிற மரம், அதில் தேனீக்கு அவ்வளவாக வேலை இல்லை என்பார்கள். சரிதான். ஆனால் மரத்தடியில் பூக்கும் குளோவரில் தேனீக்கு வேலை உண்டு. மகள் வெயில் காலத்தில் வெண்டையும் அவரையும் தக்காளியும் போடுகிற பாத்தி, வரைபடத்தில் மரத்திலிருந்து பதினைந்தடி தூரம்தான். அந்தப் புல்லில்தான் பேத்தி உருண்டு விளையாடுகிறாள்.

அழகு மரத்துக்கு மருந்தடிப்பதால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 2013 ஜூனில் ஆரிகன் மாநிலத்தில் வில்சன்வில் என்ற ஊரில், ஒரு கடையின் வாகன நிறுத்துமிடத்தில் நின்ற லிண்டன் மரங்களுக்கு இமிடாகுளோப்ரிட் குடும்பத்தைச் சேர்ந்த டைனோட்டிஃபியூரான் என்ற மருந்தை அடித்தார்கள். எதற்கு? அசுவினி சொட்டும் பிசின் கார்களின் மேல் விழுகிறதாம். மரம் பூத்திருந்த நேரம். ஏறக்குறைய 50,000 பம்பிள் தேனீக்கள் மரத்தடியில் செத்து விழுந்தன. மரங்களுக்கு வலை போட்டு மூடினார்கள். அதன் பிறகு அந்த மாநிலம் லிண்டன் மரங்களுக்கு இந்த வகை மருந்துகளைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இமிடாகுளோப்ரிட் உட்பட மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது. நம் கடைகளில் அது இன்றும் கிடைக்கிறது.

'ஐயா, மருந்து ஊற்றாமல் வைத்துக்கொண்டால் ஊதா மரத்தில் என்ன தப்பு?' என்று கேட்கலாம். இங்கேதான் தலைப்பில் உள்ள கேள்வி வருகிறது.

இலை ஊதாவாக இருக்கக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள். நாவற்பழத்திலும் கருப்புக் கவுனி அரிசியிலும் இருப்பதும் அதே குடும்பம்தான். டெலவேர் மாநிலத்தில், ஒரே இனத்தின் இயல்பான செடியையும் நர்சரியில் தேர்ந்தெடுத்த ரகங்களையும் அருகருகே வைத்துப் பூச்சிகள் எதைத் தின்கின்றன என்று பார்த்தார்கள், 2018-இல் வெளியிட்டார்கள். உயரம் குறைந்த ரகம், நோய் தாங்கும் ரகம் போன்றவற்றில் பூச்சிக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பச்சை இலையைச் சிவப்பாகவோ ஊதாவாகவோ மாற்றிய ரகங்களைத்தான் புழுக்கள் ஒதுக்கின. பிர்ச்சுக்கும் இதே கணக்குதான் என்பது என் எண்ணம், ஏனென்றால் நிறப்பொருள் அதே நிறப்பொருள்தான்.

நர்சரிக்காரருக்கு இது நல்ல செய்தி. 'பூச்சி தொடாது' என்று பலகையில் எழுதலாம். குருவிக்கு இது பட்டினி. அமெரிக்காவில் பிர்ச் இனத்து மரங்களை 400-க்கும் மேற்பட்ட வகை அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் தின்கின்றன. ஓக் போன்ற ஒரு சில மரங்கள்தான் அதை மிஞ்சும். அங்கே சிக்கடீ என்று ஒரு குருவி, உள்ளங்கைக்குள் அடங்கும். தானியம் கொத்தும் குருவிதான், ஆனால் குஞ்சுக்குத் தானியம் ஆகாது, புழு வேண்டும். ஒரு கூட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை பிடித்துவர வேண்டும் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். பழைய தொழில்புத்தி, உடனே வகுத்துப் பார்த்தேன். குஞ்சு கூட்டில் இருப்பது பதினாறு நாள் என்று வைத்தால், குறைந்த கணக்கிலேயே ஒரு நாளைக்கு 375 புழு. அதைக் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மரங்களிலிருந்துதான் எடுக்க முடியும். வாஷிங்டன் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் இதே குருவியைப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், தோட்டத்தின் செடிகளில் எழுபது விழுக்காடாவது அந்த மண்ணின் செடியாக இருந்தால்தான் அந்தக் குருவி இனம் குறையாமல் நிற்கும் என்று 2018-இல் எழுதினார்கள்.

ஆக ஒரு பிர்ச் வைக்கிறோம் என்று நினைத்து, பிர்ச் மாதிரித் தெரிகிற ஒன்றை வைக்கிறோம். குருவியின் கண்ணுக்கு அது பிளாஸ்டிக் மரத்துக்குக் கொஞ்சம்தான் மேல்.

இயற்கை இந்தச் சிவப்பை எப்படிப் பயன்படுத்துகிறது என்று நம் மாந்தோப்பிலேயே பாருங்கள். மாந்துளிர் செம்பு நிறத்தில் வரும். இலுப்பையும் அரசும் அப்படித்தான். இளசாக இருக்கும்போது வெயிலும் புழுவும் தாக்காமல் இருக்க அந்த நிறம் ஒரு காப்பு என்று தாவரவியலார் சொல்கிறார்கள். இலை முற்றியதும் பச்சைக்கு வந்துவிடும், பூச்சிக்கும் பங்கு கிடைக்கும். மரம் சில நாட்களுக்கு மட்டும் உடுத்துகிற சட்டையை நாம் வருஷம் முழுக்கக் கழற்றாமல் போட்டுவிடச் சொல்கிறோம்.

இதே மனசுதான் இங்கேயும் வேலை செய்கிறது. புது வீடு கட்டினால் வாசலுக்குக் குரோட்டன்ஸ், சுவரோரம் கோனோகார்ப்பஸ். 'சார், புழு பூச்சி வராது, எப்பவும் பச்சையா இருக்கும்' என்று விற்கிறார்கள். கோனோகார்ப்பஸை குஜராத் அரசு 2023-இல் தடை செய்தது. ஓஹாயோ மாநிலமும், வெள்ளைப் பூவுக்காகத் தெருவெல்லாம் வைத்த காலரி பேரி மரம் காடு முழுக்கப் பரவிவிட்டது என்று அதே 2023 முதல் அதன் விற்பனையைத் தடுத்துவிட்டது. முதலில் அழகு, அப்புறம் அரசாணை. அதே நேரம் நம் வீட்டுக் கறிவேப்பிலையை நாலு புழு மொட்டையடித்தால் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். அது கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கப் போகிற புழு. பத்து நாளில் செடி மறுபடி துளிர்த்துவிடும்.

நம் இயக்கத்து நண்பர்கள் சிலரோடு எனக்கு இதில் ஒரு கருத்து வேறுபாடும் உண்டு. 'அழகுக்காக மரமா? காய்க்கணும், இல்லாட்டி தழை உரமாகணும்' என்பார்கள். நான் அவ்வளவு கறார் இல்லை. வாசலில் ஒரு மரம் கண்ணுக்கு நிறைவாக நிற்பது தப்பே கிடையாது. நம் தாத்தாக்கள் சரக்கொன்றையைக் காய்க்காகவா வைத்தார்கள்? கேள்வி அழகா பயனா என்பதல்ல. அந்த அழகைக் காப்பாற்ற என்ன ஊற்ற வேண்டியிருக்கிறது என்பதுதான்.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயசா அவருக்கு? அந்த நாலு பக்கத்தில் அடிக்கோடு போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து, "மாமா, இந்த மருந்து லைனை எடுத்துடச் சொல்லிட்டேன். ஆனா மருந்து இல்லாட்டி மரத்துக்கு கேரன்டி கிடையாதுங்கறாங்க" என்றார். "கேரன்டி வேண்டாம் மாப்பிள்ளை, மரத்தை மாத்திக்கலாம்" என்றேன். மகள்தான் முடிவெடுத்தாள்.

வாசலுக்கு ரிவர் பிர்ச். அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஆற்றங்கரைகளில் தானாக வளர்வது, ஓஹாயோவின் தெற்கிலும் உண்டு. இலை பச்சை. பட்டை மட்டும் இளஞ்சிவப்பும் பழுப்புமாகச் சுருள் சுருளாக உரியும்; பனி பெய்து இலை இல்லாத நாலு மாசமும் அதுதான் அழகு. வெயில் தாங்கும், வெண்கல வண்டு அதை அநேகமாகத் தொடுவதில்லை. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. மண் கொஞ்சம் புளிப்புத் தன்மையாக இருக்க வேண்டும். காரம் கூடினால் இரும்பை எடுக்க முடியாமல், நரம்பு பச்சையாக, இடையெல்லாம் மஞ்சளாகப் போகும். நம் நிலக்கடலையில் பார்ப்போமே அதே மாதிரி. அதனால் மண் பரிசோதனை செய்த பிறகே வாங்கினோம்.

மாப்பிள்ளையின் ஆசையையும் ஒரேயடியாகத் தள்ளவில்லை. வீட்டின் வடகிழக்கு மூலையில், மதியத்துக்கு மேல் வீட்டு நிழல் விழும் இடத்தில் ஒரு ராயல் ஃப்ராஸ்ட். அமெரிக்கப் பிர்ச்சின் ரத்தம் கலந்திருப்பதால் ஊதா ரகங்களில் இது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்கிறார்கள். நிறம் முழுசாக ஏறாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார்.

நடுவதில் நாங்கள் செய்தது நம் தோட்டத்தில் செய்வதுதான். இரண்டு மரத்தையும் சுற்றி ஆறடி வட்டத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு, மூன்று அங்குலத்துக்கு மரத்தூள் சில்லுகளும் உதிர்ந்த இலையும் போட்டு மூடாக்கு. தண்டை ஒட்டி மட்டும் ஒரு கையளவு இடைவெளி. ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். முதல் மூன்று வருஷம் மழையில்லாத வாரங்களில் வாரம் ஒருமுறை வேர் நனைய நிதானமாகத் தண்ணீர், தினமும் தெளிப்பது உதவாது. கிளை வெட்டுவதென்றால் இலை உதிர்ந்த பிறகு. வசந்தத்தில் வெட்டினால் சாறு வடியும், மே முதல் ஆகஸ்ட் வரை வெட்டினால் அந்தப் புண் வாடையே வண்டைக் கூப்பிட்டுவிடும். உச்சிக் கிளை காய்ந்தால் உடனே மருந்துக்காரரைக் கூப்பிடக் கூடாது, முதலில் மூடாக்கையும் ஈரத்தையும் பார்க்க வேண்டும் என்று மகளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து, மரத்தடியில் இலை கிடக்கிறது, அப்புறப்படுத்தவும் என்று இலையுதிர் காலத்தில் ஒரு கடிதம் வந்தது. விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். 'குப்பை' என்றுதான் இருக்கிறது, 'மூடாக்கு' பற்றி ஒன்றும் இல்லை. சில்லுகளை மேலே பரப்பி இலையை அடியில் தள்ளிவிட்டு, இது மரத்துக்கான மூடாக்கு என்று மகள் இரண்டு வரியில் பதில் எழுதினாள். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

பிள்ளைகள் வெளிநாட்டில் வீடு வாங்கியிருக்கிற வாசகர்கள் அடுத்த முறை போகும்போது, தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால் கேட்டு வாங்கி நடுப்பக்கங்களைப் படியுங்கள். அதில் எந்த மருந்து எந்த மாதத்தில் என்று இருக்கும். பெயர் புரியாவிட்டால் நம் ஊர் மருந்துக் கடை அட்டவணையை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், பாதிப் பெயர் அதிலேயே இருக்கும்.